பிளாக்பூலின் படகு டிராம்கள்: பன்னிரண்டில் எட்டு எப்படிப் பிழைத்தன?

சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில் கூரையே இல்லாமல், படகு வடிவில், பச்சையும் வெளிர்மஞ்சளுமாக ஒரு டிராம் ஓடுகிறதே, அது அந்த ஊரிலேயே செய்ததா, விக்டோரியா மகாராணி காலத்ததா, இன்னும் எத்தனை இருக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் உள்ள பிளாக்பூல் நகரத்து டிராம். விக்டோரியா காலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, 1934இல் கட்டியது. மொத்தம் கட்டியதே 12 வண்டிகள்தான். அவற்றில் 4 உடைக்கப்பட்டன, 4 பிரிட்டனில் இருக்கின்றன, 4 அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா போய்விட்டன. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சியிருக்கும் டிராம் வகை அபூர்வம். அவற்றைப் பிழைக்க வைத்தது அழகு என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது முழுக் காரணமாகப் படவில்லை. அன்றாட வேலைக்கு உதவாத வண்டிகளாக இருந்ததுதான் அவற்றைக் காப்பாற்றியது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க ஊரிலிருந்தே தொடங்க வேண்டும்.

பிளாக்பூல், லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர்களின் விடுமுறை நகரம். போல்டன், ஓல்டம், பர்ன்லி, பிளாக்பர்ன் என்று ஒவ்வொரு ஆலை ஊரும் கோடையில் ஒரு வாரம் ஆலைகளை மொத்தமாக மூடிவிடும். எல்லா ஊரும் ஒரே வாரத்தில் மூடாது. ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்து மூடும். ஆகவே வாரம் ஒரு ஊர் மூட்டை முடிச்சுடன் பிளாக்பூலில் வந்து இறங்கும். கையில் ஓரளவு காசும், அதைச் செலவழிக்க ஒரே வாரமும் உள்ள கூட்டம். கடற்கரைச் சாலை நெடுகக் கடலுக்குள் நீளும் தூண்பாலங்கள், 1894இல் எழுப்பிய கோபுரம், இலையுதிர் காலத்தில் மின்விளக்கு அலங்காரம் எல்லாமே இந்தக் கூட்டத்துக்காக வந்தவை. டிராமும் அப்படித்தான்.

1885 செப்டம்பர் 29 அன்று அங்கே மின்சார டிராம் தொடங்கியது. பிரிட்டனில் தெருவில் ஓடிய முதல் மின்டிராம் சேவைகளில் அது முன்னோடி. அமைத்தவர் மைக்கேல் ஹோல்ராய்டு ஸ்மித் என்ற பொறியாளர். அப்போது மேலே கம்பி கிடையாது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே தரையில் ஒரு பள்ளம் வெட்டி, அதற்குள் மின்கடத்தியை வைத்து, மேலே ஒரு குறுகிய பிளவை மட்டும் விட்டிருந்தார்கள். வண்டியிலிருந்து ஒரு கை அந்தப் பிளவு வழியாக இறங்கி மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். காகிதத்தில் நல்ல யோசனை. கடற்கரையில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா? பள்ளத்தில் மணல் புகுந்தது, அலை அடித்தால் உப்புநீர் நிறைந்தது, மின்சாரம் கசிந்து வீணானது. 1899இல் அதை மூடிவிட்டு மேல்கம்பிக்கு மாறினார்கள். நம் சென்னையும் இதே பாடத்தைப் படித்த ஊர்தான். 1895இல் தொடங்கிய சென்னை மின்டிராமும் முதலில் தரையடிப் பள்ளத்திலிருந்துதான் மின்சாரம் எடுத்தது. பருவமழை அதைக் கெடுத்த பிறகு மேல்கம்பிக்கு வந்தது. அந்த டிராம் 1953இல் நின்றே போயிற்று. பிளாக்பூல் நிறுத்தவில்லை.

அந்த ஊரில் திறந்த டிராம் புதிய விஷயமுமல்ல. 1911 முதல் 1914 வரை 24 திறந்த வண்டிகளை வாங்கியிருந்தார்கள். குறுக்கே நீண்ட பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, நடுவில் நடைவழியே இல்லாமல் செய்தவை. டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர் ஓடும் வண்டியின் வெளிப்பக்கத்தில், படிப்பலகையில் தொங்கியபடியே வரிசைக்கு வரிசை தாவ வேண்டும். ஊரைச் சுற்றிக் காட்டும் வட்டச் சவாரிக்கு அவை பெயர் பெற்றவை, கூட்டமும் அள்ளின. ஆனால் 1930களில் அவை பார்க்கவே பழசாகிவிட்டன.

அந்த நேரத்தில்தான், 1933இல், வால்டர் லஃப் பிளாக்பூல் டிராம் சேவையின் பொது மேலாளராக வருகிறார். பிரிட்டன் முழுக்க டிராமைப் பிடுங்கிவிட்டு பஸ் விடுவதே முன்னேற்றம் என்று நகரசபைகள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. லஃப் நேர்மாறாகப் போனார். பழைய வண்டிகளை ஒட்டுப்போட்டு ஓட்டுவதை விட்டுவிட்டு, எல்லா வண்டிகளையுமே புதிதாக்கலாம் என்று திட்டம் கொடுத்தார். பக்கத்து ஊரான பிரெஸ்டனில் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1933 முதல் 1935 வரை அங்கிருந்து வந்தவை 84 வண்டிகள். மூடிய ஒற்றைத்தட்டு வண்டிகள் முதலில் 25, பிறகு 20. பலூன் என்று பெயர் பெற்ற இரட்டைத்தட்டு 27. இவற்றுக்கு நடுவே, 225 முதல் 236 வரை எண்ணிட்ட 12 திறந்த வண்டிகள். முனைகள் கூர்ந்து வளைந்திருந்ததால் மக்கள் அவற்றைப் படகு என்றே அழைத்தார்கள்.

இவை பழைய காலத்தை நினைவூட்டச் செய்தவை அல்ல என்பதை அழுத்திச் சொல்கிறேன். நாம் இன்று பார்க்கும்போது பொம்மை மாதிரித் தெரிகின்றன. 1934இல் அவை நாகரிகத்தின் உச்சம். விமானமும் ரயில் எஞ்சினும் காற்றைக் கிழிக்கும் வளைவுடன் வரத் தொடங்கிய காலத்து வடிவம். அடியில் இரண்டு போகி (சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம்), நான்கு அச்சு, காற்று பிரேக் என்று இயந்திரப் பகுதி அதே தலைமுறை மூடிய வண்டிகளுக்குச் சமமானது. மேலே மட்டும்தான் ஒன்றுமில்லை.

கிட்டப் போய்ப் பார்த்தால் வடிவமைப்பின் கெட்டிக்காரத்தனம் புரியும். ஏறும் வழி முனைகளில் இல்லை, நட்டநடுவில், இரு பக்கமும் இருக்கிறது. படியில் கால்வைத்தால் தாழ்ந்த ஒரு மேடை. அங்கே கண்டக்டர் நிற்பார். முன்பாதிக்கு ஒரு பக்கம், பின்பாதிக்கு ஒரு பக்கம் என்று கூட்டம் பிரிந்துவிடும். இருக்கைகள் மரச்சட்டங்களை வரிசையாக அடித்தவை; மெத்தை வைத்தால் ஒரு மழைக்குத் தாங்காது, சட்டம் என்றால் துடைத்துவிட்டு உட்காரலாம். நடுவில் நடைவழி இருப்பதால் கண்டக்டர் வெளியே தொங்க வேண்டியதில்லை. பக்கச் சுவர் உட்கார்ந்தவரின் முழங்கை உயரம். அதற்கு மேல் கடல்காற்றுதான்.

சரி, கூரை இல்லாத வண்டிக்கு மின்சாரம் எப்படி? மற்ற டிராம்களில் மேல்கம்பியைத் தொடும் டிராலிக் கம்பம் கூரையின்மேல் நிற்கும். படகில் அதற்காகவே நடுமேடைக்கு மேல் இரும்பில் ஒரு சாரம் எழுப்பி, அதன் உச்சியில் கம்பத்தின் அடிப்பகுதியைப் பொருத்தினார்கள். தூரத்திலிருந்து பார்க்க அது பாய்மரம் மாதிரியே தோன்றுவதால், படகு என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டது. ஓட்டுநருக்கும் கூரை கிடையாது. அவருக்கு முன்னால் இருந்தது காற்றுத்தடுப்புக் கண்ணாடி மட்டும். எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டால் பயணி இறங்கி ஓடலாம், ஓட்டுநர் நனைந்துகொண்டே டிப்போ வரை வந்து சேர வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பிளாக்பூலில் இன்னொரு வகைக் ‘கப்பல்’ டிராம்களும் உண்டு. விளக்கு அலங்காரக் காலத்தில் உடல் முழுதும் பல்பு போர்த்தி ஊர்வலம் விடுவதற்காகச் செய்த தனி வண்டிகள் அவை: 1925இல் வெனிஸ் படகு, 1926இல் உயிர்காப்புப் படகு, 1965இல் ஒரு போர்க்கப்பல். இணையத்தில் படங்களைப் போடுகிறவர்கள் இவற்றையும் 1934இன் 12 வண்டிகளையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். அவை ஒவ்வொன்றும் ஒற்றைப் பிறவி. நாம் பேசுவது ஒரே அச்சில் வார்த்த 12 வண்டிகளைப் பற்றி.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். லஃப் காலத்தில் வந்த திறந்த வண்டிகள் படகுகள் மட்டுமல்ல. 27 பலூன்களில் 13 மேல்தளத்தில் கூரையில்லாமல் வந்தவை. 1939இல் இன்னொரு 12 வண்டிகளும் வந்தன. அவற்றுக்குக் கூரையாகச் சுருட்டக்கூடிய துணி, சன்னல்களில் பாதி உயரம் மட்டுமே கண்ணாடி, உள்ளே மரப் பெஞ்சு. வெயிலுக்கான மலிவுப் பதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தொழிற்சாலை, அதே எண்ணிக்கை. போர் வந்தது. ஊரில் விமானப்படைப் பயிற்சியாளர்களும் இடம்பெயர்ந்த அரசு அலுவலர்களும் நிறைந்தார்கள். குளிர்காலத்திலும் வண்டி நிரம்பியது. திறந்த பலூன்களுக்கு 1941–42இல் கூரை போட்டார்கள். துணிக்கூரை வண்டிகளையும் 1942இல் முழுக்க மூடினார்கள். போருக்குப் பிறகு அவற்றுக்கு மெத்தை, புதிய சக்கரச்சட்டம், தானாக வேகம் கூட்டும் நவீனக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் கொடுத்து, ஊருக்குள் போகும் மார்ட்டன் தடத்தில் ஆண்டு முழுக்க ஓட வைத்தார்கள்.

படகுகளுக்கு எதுவும் செய்யவில்லை. நடுவில் ஏறி, இரு முனையும் தாழ்ந்து வளைந்த உடலுக்குக் கூரை போடுவதைவிடப் புது வண்டி கட்டிவிடலாம். ஆகவே அவை வந்தபடியே கிடந்தன.

முடிவைப் பாருங்கள். மார்ட்டன் தடம் 1962 அக்டோபரில் மூடப்பட்டது. அந்தத் தடத்துக்காகவே மெருகேற்றிய 12 வண்டிகளுக்கு வேலை போயிற்று. இன்று அவற்றில் ஒன்றே ஒன்று, 11ஆம் எண், கிழக்கு இங்கிலாந்தில் கார்ல்டன் கோல்வில் என்ற ஊரின் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்ற 11ம் பழைய இரும்பாகிவிட்டன. வசதி செய்து கொடுக்கப்பட்ட வகையில் மிஞ்சியது 1. மழைக்குப் பயந்து ஒதுக்கிவைத்த வகையில் மிஞ்சியது 8. அன்றாடம் உடுத்தும் நூல்புடவை கிழிந்துபோகும், விசேஷத்துக்கு மட்டும் பீரோவிலிருந்து எடுக்கும் பட்டு பேத்தி வரைக்கும் வரும் அல்லவா, அதே கணக்கு. படகுகள் ஓடியது கோடையில். அதிலும் நல்ல வெயில் அடித்த நாட்களில். மற்ற நாட்களில் டிப்போவில் நின்றன. மோட்டாருக்குத் தேய்மானம் குறைவு, சக்கரத்துக்குத் தேய்மானம் குறைவு. டிராமின் உடல் பொதுவாக அழுகத் தொடங்குவது கூரை இணைப்பிலும் சன்னல் சட்டத்திலும்தான். இவற்றுக்கு இரண்டும் கிடையாது.

அதற்காக அவை ஆபத்தில்லாமல் தப்பிவிட்டன என்று நினைக்க வேண்டாம். 1961 முதல் 1963 வரை மூன்றே ஆண்டுகளில் பிளாக்பூல் தன் உள்ளூர்த் தடங்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு, கடற்கரை வழியாக ஃபிளீட்வுட் வரை போகும் ஒரே தடத்தை மட்டும் வைத்துக்கொண்டது. 1962இல் கிளாஸ்கோவும் தன் டிராமை நிறுத்திவிட்டதால், பிரிட்டனில் நகர மின்டிராம் சேவை என்று சொல்ல மிஞ்சியது இந்த ஒரு தடம்தான். இவ்வளவு சுருங்கிய பிறகு வண்டிகள் அதிகம் என்று தோன்றாமல் இருக்குமா? 229, 231, 232, 234 ஆகிய நான்கு படகுகள் அப்போது உடைக்கப்பட்டன. மிஞ்சிய எட்டுக்கும் 1968இல் 600 முதல் 607 வரை புது எண் கொடுத்தார்கள்.

பிறகுதான் அமெரிக்கப் பயணம். 601, அதாவது பழைய 226, 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் வார விழாவுக்காகக் கப்பலேறியது. திரும்பி வரவில்லை, கலிஃபோர்னியாவிலேயே ரியோ விஸ்டா அருகே உள்ள மேற்கு ரயில்வே அருங்காட்சியகத்தில் தங்கிவிட்டது. 603, அதாவது 228, அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டை ஒட்டி 1970களின் நடுவில் பிலடெல்பியாவுக்குப் போய், அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ வந்தது. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

அந்த ஊருக்கு அது பொருந்திய கதையும் சுவையானது. தெருவுக்கு அடியில் ஓடும் கம்பிவடம் இழுத்துச் செல்லும், சான் பிரான்சிஸ்கோவின் புகழ்பெற்ற கேபிள் கார்கள் 1982 செப்டம்பரில் பழுதுபார்க்க நிறுத்தப்பட்டன. 1984 ஜூன் வரை ஓடவில்லை. சுற்றுலாப் பயணிகள் ஏமாந்து போகக் கூடாதே என்று 1983 கோடையில் பல நாட்டுப் பழைய டிராம்களை மார்க்கெட் தெருவில் ஓட்டி ஒரு விழா எடுத்தார்கள். ஒரு கோடைக்கென்று தொடங்கியது 1987 வரை ஆண்டுதோறும் நடந்தது. அந்த விழாக்களில் படகு பெரும் வரவேற்பைப் பெற்றது. அந்த உற்சாகம்தான் 1995இல் பழைய டிராம்களை மட்டுமே கொண்ட எஃப் தடமாக நிலைத்தது. 2013இல் இன்னொரு படகும், 605 ஆக இருந்த 233, அங்கே போய்ச் சேர்ந்தது.

இங்கிலாந்து டிராமை அமெரிக்கத் தெருவில் இறக்கி எப்படி ஓட்ட முடிந்தது என்று கேட்பீர்கள். இதில் அதிர்ஷ்டமும் உண்டு. பிளாக்பூல் தண்டவாள அகலம் 4 அடி 8½ அங்குலம். சான் பிரான்சிஸ்கோவிலும் அதேதான். கிளாஸ்கோ வண்டியாக இருந்தால் முக்கால் அங்குல வித்தியாசத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். இரண்டு ஊரிலும் 600 வோல்ட்டை ஒட்டிய நேர்மின்சாரம். இரண்டிலும் டிராலிக் கம்பம். பிரிட்டனில் இடப்பக்கம் ஓட்டுவார்கள், அங்கே வலப்பக்கம். ஆனால் படகில் ஏறும் வழி இரு பக்கமும் இருப்பதால் எந்தப் பக்கத்தில் நிறுத்தம் இருந்தாலும் கவலையில்லை. முனைக்கு முனை ஓட்டுமிடம் இருப்பதால் திருப்பவும் வேண்டாம், கம்பத்தைச் சுழற்றிவிட்டால் போதும். 1934இல் யாரும் அமெரிக்காவை நினைத்து இதையெல்லாம் செய்யவில்லை.

நான்காவதாகப் போனது 606, அதாவது 235. 1988இல் கிளாஸ்கோ தோட்டக்கலை விழாவுக்காக அமைத்த சிறு தடத்தில் ஓடிய வண்டி இது. 2000இல் இதை ஓஹையோவின் ஒரு டிராம் சேகரிப்புக்குக் கொடுத்துவிட்டு, அங்கே இருந்த தங்கள் பழைய இரட்டைத்தட்டு வண்டியான 147ஐப் பிளாக்பூல் திரும்ப வாங்கிக்கொண்டது. இது எனக்குச் சரியான பண்டமாற்றாகவே படுகிறது. 147, பிளாக்பூலுக்காக 1924இல் கட்டிய வண்டி. அது தன் சொந்த ஊரில் இருப்பதே முறை. படகு ஒன்று குறைந்தாலும் கையில் இன்னும் சில இருந்தன.

பிரிட்டனில் உள்ளவற்றில் 607, அதாவது 236, டெர்பிஷயரின் கிரிச் ஊரில் உள்ள தேசிய டிராம்வே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 600, 602, 604 மூன்றும் பிளாக்பூலின் பாரம்பரிய வண்டிகளைச் சேர்ந்தவை. 2012இல் பிளாக்பூல் தன் தடத்தைப் புதுப்பித்து, தாழ்தள நவீன டிராம்கள் 16ஐ அன்றாடச் சேவைக்கு விட்டது. அதன் பிறகு பழைய வண்டிகள் சுற்றுலாச் சவாரிக்கு மட்டும் என்றாயிற்று. மூடிய வண்டிகளுக்கு இது பதவி இறக்கம். படகுகளுக்கு அவை முதலிலிருந்தே செய்துவந்த வேலைதான்.

நேரில் பார்க்கப் போவதாக இருந்தால் இரண்டு விஷயம். 2024 டிசம்பரில், டிப்போவின் பாதுகாப்பு நிலை காரணமாகப் பிளாக்பூலின் பாரம்பரிய டிராம் சவாரி நிறுத்தப்பட்டது. ஆகவே அன்றைய நிலையை விசாரிக்காமல் டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். இன்னொன்று, ஒரே வண்டி சில இடங்களில் 225 முதல் 236 வரையிலான பழைய எண்ணிலும், சில இடங்களில் 600 வரிசை எண்ணிலும் குறிக்கப்பட்டிருக்கும். பட்டியல்களை ஒப்பிடும்போது 228ஐயும் 603ஐயும் தனித்தனியாக எண்ணி, பத்துப் பன்னிரண்டு படகுகள் இன்னும் இருப்பதாகச் சிலர் எழுதியிருப்பார்கள். 225–600, 226–601, 227–602, 228–603, 230–604, 233–605, 235–606, 236–607 என்ற இணைகளைக் குறித்து வைத்துக்கொண்டால் அந்தக் குழப்பம் வராது.